உந்த ரத்தம் எங்கை போகும்? – மரபணு ஆய்வுகளை அனுமதிப்போருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்தில் மனித ஆய்வுகளுக்கு அனுமதி தரும் அறநெறி மீளாய்வுக் குழுக்களின் உறுப்பினர்களுக்கும், வடக்கிலிருந்து பாராளுமன்றம் போயிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். ஊரில் எங்களை 'லாப் மிஸ்' என்பார்கள். எத்தனை ஆயிரம் கைகளில் ஊசி ஏற்றியிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. இரத்தம் எடுப்பவரிடம் சனம் அதிகம் கேள்வி கேட்பதில்லை. கையை நீட்டிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்ளும். அந்த நம்பிக்கையைப் பெரிதாக மதித்து வாழ்ந்தவள் நான். அதற்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு, ஓர் ஆய்வுக் குழு இரத்தம் எடுத்துத் தர வரமுடியுமா என்று கேட்டது. சில குடும்பங்களில் நீரிழிவு தலைமுறை தலைமுறையாக, அதுவும் இளவயதிலேயே வருகிறது. அதற்கு மரபணுவில் காரணம் இருக்கிறதா என்று தேடும் ஆய்வு. நல்ல நோக்கம். சந்தோஷமாகப் போனேன்.

வடமராட்சியில் ஒரு சனசமூக நிலையம். பேப்பர் வாசிக்கும் நீள மேசையைத் துடைத்து, வெள்ளைத் துணி விரித்து, பெட்டியைத் திறந்து வைத்தோம். எண்பதை நெருங்கிய ஓர் ஆச்சி வந்தார். முதலில் பத்திரம், பிறகு ஊசி. பத்திரம் நான்கு பக்கம். கூட வந்த பேத்தி முதல் பக்கத்தை வாசித்துக் காட்டினாள், மற்ற மூன்றையும் ஆச்சியே கையால் தள்ளிவிட்டு, "எங்கை பிள்ளை வைக்கிறது?" என்று கேட்டுக் கையெழுத்து வைத்தார். முழங்கை மடிப்பில் நரம்பு அகப்படவில்லை. புறங்கையில், மெல்லிய ஊசியால், ஊதா மூடிக் குழாயில் மூன்று மில்லிலீற்றர் எடுத்தேன். உறைந்துவிடாமல் எட்டுத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, இலக்கம் அச்சிட்ட சிட்டையை ஒட்டினேன். ஆச்சி பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குழாய் பெட்டிக்குள் போவதைப் பார்த்தபடி கேட்டார்.

"பிள்ளை, உந்த ரத்தம் எங்கை போகும்?"

"யாழ்ப்பாணத்துக்குத்தான் ஆச்சி."

"பிறகு?"

"பத்திரமா வைச்சிருப்பினம்."

அவர் தலையை ஆட்டிவிட்டு எழும்பினார். நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அது அவர் கேட்டதற்குப் பதிலும் இல்லை. பதில் எனக்கே தெரியாது. சில மாதங்கள் கழித்து வேறு அலுவலாகப் போனபோது, அந்தக் குழாய்களில் இருந்து பிரித்தெடுத்த டி.என்.ஏ. உலர்பனி நிரப்பிய பெட்டியில் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றுக்குப் போகத் தயாராக இருந்ததைப் பார்த்தேன். பத்திரத்தை எடுத்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: 'தங்களது மாதிரிகள் எதிர்காலத்தில் மேற்கொள்ளப்படக்கூடிய ஏனைய ஆய்வுகளின் பொருட்டும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உள்ள பங்காளி நிறுவனங்களுடன் பகிரப்படக்கூடும்.'

அந்தக் குழுவின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் கெட்டவர்களும் இல்லை. பத்திரம் முறையாக அனுமதி பெற்றது. கையெழுத்து இருக்கிறது. சட்டப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. என் முறைப்பாடே அதுதான்.

அந்த வரியை நாங்கள் வீட்டில் பேசும் தமிழில் எழுதிப் பார்த்தேன். 'உங்கட இரத்தத்தில மிச்சத்தை வைச்சிருந்து, நாளைக்கு வேறை ஒரு விஷயத்துக்கும் பாப்பம். என்ன விஷயம் எண்டு இப்ப எங்களுக்கும் தெரியாது. வெளிநாட்டுக்கும் அனுப்புவம். அதுக்காக உங்களிட்டைத் திரும்பி வந்து கேக்க மாட்டம். சம்மதமோ?' இப்படிக் கேட்டால் சிலர் ஓம் என்பார்கள். சிலர் யோசிப்பார்கள். சிலர் மாட்டேன் என்பார்கள். மூன்றும் நியாயமான பதில்கள். ஆச்சிக்கு அந்த மூன்றில் ஒன்றைத் தெரிவுசெய்யும் சந்தர்ப்பம் கிடைக்கவே இல்லை.

சீனிக்குப் பார்க்க எடுக்கும் இரத்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறவர்களுக்காக ஒரு விளக்கம். சீனிப் பரிசோதனை முடிந்தால் குழாயைக் கழிவுக்குள் போட்டுவிடுவோம்; அதோடு கதை முடிந்தது. மரபணு ஆய்வில் கதை குழாயில் இருந்துதான் தொடங்குகிறது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 40 இலட்சம் தொடக்கம் ஒரு கோடி வரை வெள்ளணுக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கருவுக்குள்ளும் அந்த மனிதரின் முழு மரபுத்தொகுதியும், தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக, ஒவ்வொன்றிலும் 300 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளோடு இருக்கிறது. பிரித்தெடுத்த டி.என்.ஏ.யை மைனஸ் 80 பாகையில் வைத்தால் பல பத்து வருடங்களுக்குக் கெடாது. இன்றைக்கு எங்களுக்கு வாசிக்கத் தெரியாத பகுதியை நாளைக்கு இன்னொருவர் வாசிப்பார். ஆச்சி செத்துப் போயிருப்பார். ஆனால் அவருடைய எழுத்தில் பாதி மகனிடமும் கால்வாசி பேத்தியிடமும் இருக்கும். ஆச்சி போட்ட கையெழுத்து அந்தப் பேத்திக்கும் சேர்த்துப் போட்டதுதான். அது அவருக்கும் தெரியாது, பேத்திக்கும் தெரியாது.

ஐஸ்லாந்தில் இதே கேள்வி நீதிமன்றம் வரை போனது. நாட்டு மக்கள் எல்லாருடைய மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க 1998 இல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு தனியார் மரபணு நிறுவனம் அதை நடத்துவதாக ஏற்பாடு. இறந்துபோன தன் தகப்பனின் பதிவுகளை அதில் சேர்க்கக்கூடாது என்று ஒரு மகள் வழக்குப் போட்டாள். தகப்பனைப் பற்றிய தகவலில் இருந்து தன்னைப் பற்றியும் ஊகிக்கலாம் என்பது அவளது வாதம். 2003 இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரத்தம் ஒருவருடையது, தகவல் குடும்பத்துடையது என்று ஊரில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்வாள்.

நான் ஆய்வுக்கு எதிரி இல்லை. அப்படி யாரும் இந்த மடலைப் பயன்படுத்தக்கூடாது. எங்களுக்கு மரபணு ஆய்வு கட்டாயம் வேண்டும். இதயத் தசையைப் பலவீனப்படுத்தும் ஒரு மரபணுக் குறை, 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு சின்னத் துண்டு, தெற்காசியரில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்று 2009 இல் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரின் இரத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருந்தால் அது தெரிந்திருக்காது. இந்தியாவில் ஆந்திராப் பக்கத்து ஆரிய வைசியர் சமூகத்தில் சிலருக்கு, சத்திர சிகிச்சையின்போது கொடுக்கும் ஒரு தசைத் தளர்த்தி மருந்து வழமைபோல் நிமிடக் கணக்கில் தெளியாமல் மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவும் பரம்பரைக் காரணம்தான். தெரிந்த மயக்க மருந்து வைத்தியர் உயிரைக் காப்பாற்றுவார். சொந்தத்துக்குள் கட்டிக் கட்டி வந்த எங்கள் சமூகத்திலும் இப்படி ஏதாவது ஒளிந்திருக்கலாம். தேடத்தான் வேண்டும். தேடுகிறவர்கள் வாசலுக்கு எப்படி வருகிறார்கள், மிச்சத்தை என்ன செய்கிறார்கள் என்பதற்குத்தான் நான் சட்டம் கேட்கிறேன்.

'பெயரை நீக்கிவிட்டோம், இலக்கம் மட்டும்தான் இருக்கிறது, பிறகென்ன பயம்?' குழுக் கூட்டங்களில் இந்தப் பதில் பலதடவை வரும் என்று எனக்குத் தெரியும். இதை யாழ்ப்பாணத்தில் வைத்து யோசியுங்கள். இங்கே ஒருவரைச் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?" இரண்டாவது, "ஆற்றை மகன்?" மூன்றாவது கேள்விக்குத் தேவையிராது, சொந்தக்காரராகிவிடுவார்கள். ஓர் ஆய்வுக் கட்டுரையில் ஊரின் பெயரும், 'நான்கு தலைமுறை, பதினொரு பேர், அதில் ஏழு பேருக்கு நோய்' என்று ஒரு வம்ச வரைபடமும் போட்டால், அந்த ஊரில் அது எந்த வீடு என்று தேநீர்க் கடையில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பிறகு அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசப் போகிறவரிடம், "அந்தப் பகுதிக்கு ஒரு வருத்தம் இருக்காம்" என்று ஒருவர் சொன்னால் போதும். மேற்கு நாடுகளில் காப்புறுதி, வேலை என்று பயப்படுகிறார்கள். அதற்கென அமெரிக்காவில் 2008 இல் ஒரு சட்டமே வந்தது. அதிலும் ஆயுள் காப்புறுதி அடங்கவில்லை. எங்கள் ஊரில் முதலில் அடிபடுவது கலியாணம். இதை எந்த வெளிநாட்டு வழிகாட்டியும் எழுதித் தராது. நீங்கள்தான் எழுதவேண்டும்.

சாதியையும் சொல்லித்தான் ஆகவேண்டும். வாயால் இல்லை என்று சொல்லிக்கொண்டு மனதில் வைத்திருக்கிற சமூகம் நாங்கள். 'இன்ன சமூகத்தில் இந்த மரபணு கூடுதல்' என்று ஒரு வரி அச்சில் வந்தால், அது மருத்துவத் தகவலாக மட்டும் நின்றுவிடாது. 'ஆர் முதல் வந்தது' என்ற சண்டைக்கும் மரபணுவை இழுக்கிறார்கள். சிங்களவர் வங்காளிகளுக்குக் கிட்ட என்று ஒரு கட்டுரை. தமிழருக்குத்தான் கிட்ட என்று 1995 இல் இன்னொன்று. இரண்டையும் வசதிப்படி தூக்கிக்கொண்டு அடிபட ஆட்கள் இருக்கிறார்கள். நீரிழிவுக்கென்று கொடுத்த இரத்தம் அந்தச் சண்டைக்குள் இழுபடுவதற்கு ஆச்சி சம்மதித்தாரா?

இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுப்பாய் என்ற சிறிய பழங்குடி, 1990 தொடக்கம் அரிசோனா அரச பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தது. அவர்களுக்கு நீரிழிவு பெரும் பிரச்சினை, அதற்கென்றுதான் கொடுத்தார்கள். அதே இரத்தத்தை மனச்சிதைவு நோய்க்கும், நெருங்கிய உறவுக்குள் திருமணத்துக்கும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கும் பார்த்தார்கள். பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அவர்களது நம்பிக்கை. ஆசியாவில் இருந்து வந்தவர்கள் என்று கட்டுரை சொன்னது. 2003 இல், அந்தக் குலத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுரையைக் கேட்கப் போனபோதுதான் விஷயம் தெரியவந்தது. ஏழு வருடம் போராடி, 2010 இல் 41 பேருக்கு 7 இலட்சம் டொலர் இழப்பீடும், அதைவிட முக்கியமாக மிச்ச இரத்தமும் திருப்பிக் கொடுக்கப்பட்டன. கையெழுத்து வாங்கிய பத்திரம் அங்கேயும் இருந்தது.

எங்கள் இரத்தம் ஏற்கெனவே உலகம் முழுக்கப் போய்விட்டது என்பதும் பலருக்குத் தெரியாது. 'ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம்' என்ற சர்வதேசத் திட்டம் 2015 இல் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேரின் மரபுத்தொகுதிகளை யாரும் இறக்கிப் பார்க்கக்கூடியதாக வெளியிட்டது. அதில் ஒரு குழுவின் பெயர் 'ஐக்கிய இராச்சியத்தில் வாழும் இலங்கைத் தமிழர்'. நூற்றுக்குச் சற்று மேற்பட்டவர்கள். பகிரங்கமாக வெளியிடப்படும் என்று சொல்லித்தான் கேட்டார்கள். அவர்களும் சம்மதித்துக் கொடுத்தார்கள். உலக ஆய்வாளர் எத்தனையோ பேருக்கு அது உதவுகிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் 2013 இல், இப்படிப் பெயரில்லாமல் வெளியிடப்பட்டவற்றில் இருந்தே, அமெரிக்கக் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்ந்த ஏறத்தாழ ஐம்பது பேரை ஆய்வாளர்கள் இனங்கண்டு காட்டினார்கள். ஆண்வழியாக இறங்கும் குடும்பப் பெயரும் ஆண்வழியாக இறங்கும் நிறமூர்த்தமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லிவிட்டன. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர்தான், அதனால் தப்பினோம் என்று நினைக்கலாம். ஊர் இருக்கிறதே!

அப்புறம், புலம்பெயர்ந்த பிள்ளைகள். ரொறன்ரோவில் நத்தார்க் கழிவு விலைக்கு வாங்கிய மரபணுப் பரிசோதனைக் குழாயில் மருமகன் துப்பி அனுப்புகிறான். 2023 இல் அப்படி எச்சிலில் மரபணு பார்க்கும் பெரிய நிறுவனமான 23அண்ட்மீயில் திருடர்கள் நேரடியாகப் புகுந்த கணக்குகள் ஏறத்தாழ 14,000 தான். 'உறவினரைக் கண்டுபிடி' என்ற வசதி வழியாக அவர்கள் கையில் அகப்பட்டதோ 69 இலட்சம் பேரின் விவரம். உறவு என்ற வலைக்குள்ளால் பரவியது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் வங்குரோத்து அறிவித்தபோது, வாடிக்கையாளரின் மரபணுத் தரவும் விற்பனைக்கு வரும் சொத்துகளில் ஒன்றாயிற்று. கனடாவில் துப்பியவனின் சித்தி சாவகச்சேரியில் இருக்கிறாள். அவளை யாரும் கேட்கவில்லை.

இனி, இந்த மடலை இப்போது எழுதியதற்கான உண்மையான காரணம்.

2025 பெப்ரவரியில், யாழ்ப்பாண நகருக்கு அருகே, செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. செப்ரெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூட்டுத் தொகுதிகள். சின்னஞ்சிறு பிள்ளைகளினுடையவையும் அதில். புத்தகப் பை ஒன்று, விளையாட்டுப் பொம்மை ஒன்று. துணிகளையும் பொருட்களையும் மக்கள் பார்வைக்கு வைத்த நாளில் நானும் போனேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒருவர் ஒரு துணித் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெடுநேரம் நின்றார். "நிறம் போட்டுது" என்று மட்டும் சொன்னார். அவருக்கு அந்தத் துணியால் எதையும் சொல்லமுடியாது. அவரிடம் இருக்கும் இரத்தத்தால் சொல்லமுடியும்.

எலும்பில் இருந்து டி.என்.ஏ. எடுப்பது கஷ்டம், ஆனால் முடியும். ஒப்பிட உறவினரின் மாதிரி வேண்டும். தாய், தகப்பன், பிள்ளை என்றால் மிக நல்லது. காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 இலிருந்து கொட்டகை போட்டு வீதியோரம் இருக்கும் தாய்மார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு தாய் போனால் அவருடன் மிகச் சிறந்த சாட்சியும் போகிறது. இந்த மாதிரிகளை உடனே எடுத்து வைக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சட்டம் வரும்வரை பொறுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எடுக்கும் முதல் நாளே கட்டுப்படுத்தும் எழுத்து ஒன்று கையில் இருக்கவேண்டும். ஏனென்றால் அந்தத் தாய்மார் கேட்கப்போகும் கேள்வியும் ஆச்சியின் கேள்விதான், இன்னும் பயத்தோடு. 'என்ரை ரத்தத்தை வைச்சு என்ரை மற்றப் பெடியனைப் பிடிப்பாங்களோ?' பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 இலிருந்து இருக்கிற நாட்டில் அந்தப் பயத்தை வீண் பயம் என்று யாரும் சொல்லமுடியாது.

அடையாளம் காண வழமையாகப் பார்ப்பது மரபுத்தொகுதியில் இருபது சொச்சம் இடங்களை மட்டும். அவை நோயைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆனால் குழாய்க்குள் இருப்பது அந்த இருபது இடம் மட்டுமல்ல, முழுவதும். அதனால்தான் 'நாங்கள் பார்க்கமாட்டோம்' என்ற வாக்குறுதி போதாது, 'பார்த்தால் குற்றம்' என்ற சட்டம் வேண்டும் என்கிறேன்.

ஆர்ஜென்டினாவைப் பாருங்கள். இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் குழந்தைகள் வேறு வீடுகளில் வளர்க்கப்பட்டன. பிளாசா தே மாயோப் பாட்டிமார் 1977 இல் சேர்ந்து பேரப் பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார்கள். பெற்றோர் இல்லாத இடத்தில் பாட்டன் பாட்டியின் இரத்தத்தை வைத்து உறவை நிறுவ முடியுமா என்று விஞ்ஞானிகளிடம் போய்க் கேட்டவர்கள் அவர்களே. மேரி கிளேர் கிங் என்ற மரபணுவியலாளர் அந்த வேலைக்குள் இறங்கினார். பிற்பாடு மார்பகப் புற்றுநோய் மரபணுவின் இடத்தைக் காட்டியவரும் அவர்தான். பாட்டிமார் தாங்கள் சாவதற்கு முன் இரத்தத்தைச் சேமித்து வைக்க விரும்பினார்கள். 1987 இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றித் தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவியது. 2009 இல் வந்த சட்டம் அந்த வங்கியின் வேலையை மனித குலத்துக்கு எதிரான குற்றங்கள் சம்பந்தப்பட்ட தேடலோடு மட்டுப்படுத்தியது. 130க்கும் மேற்பட்ட பேரப் பிள்ளைகள் தங்கள் உண்மையான குடும்பத்தைத் தெரிந்துகொண்டார்கள். பொஸ்னியாவிலும் ஸ்ரெப்ரெனிக்காவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் ஏழாயிரம் பேர் வரை உறவினர் கொடுத்த இரத்தத்தால் பெயர் பெற்று அடக்கமானார்கள். கேட்டுப் போராடிய பாட்டிமாருக்குச் சட்டம் கிடைத்தது. எங்கள் தாய்மாரும் அதேபோலத்தான் கேட்கிறார்கள்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் இருந்தவர்களுக்குத்தான் அது முதலில் தெரியவரும். வன்னியில் இறுதி யுத்தத்துக்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளைப் பெரியம்மாவும் அத்தையும் அயலட்டையும் தூக்கி வளர்த்தார்கள். சிலருக்கு அது இன்றுவரை சொல்லப்படவில்லை. உறவு ஒப்பிடும்போது, தம்பி என்று வந்தவர் தம்பி இல்லை என்று தெரியவந்தால் யாருக்குச் சொல்வது? என் அபிப்பிராயம் தெளிவானது. தேடும் நபரைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும். கேட்காத இரகசியத்தைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் வைக்கக்கூடாது. தன் மரபணு முடிவைத் தெரிந்துகொள்ளவும், தெரியாமல் இருக்கவும் மனிதருக்கு உரிமை உண்டு என்று யுனெஸ்கோவின் 2003 ஆம் ஆண்டுப் பிரகடனம் சொல்கிறது. மாதிரி எடுக்கும்போதே அதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவேண்டும்.

எங்கள் நாட்டில் என்ன இருக்கிறது? புதிய மருந்தை மனிதரில் பரிசோதிப்பதற்கு 2015 இன் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. மருந்தே கொடுக்காமல் இரத்தம் மட்டும் எடுக்கும் மரபணு ஆய்வு அதற்குள் வராது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவை விசேட வகைத் தரவு என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அது நல்ல விஷயம். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் தள்ளிப்போடப்பட்டன. அது பேசுவதும் தரவைப் பற்றி. குழாயைப் பற்றி, உறைகுளிர்ப் பெட்டியைப் பற்றி, விமானத்தில் போகும் உலர்பனிப் பெட்டியைப் பற்றி அதில் நேரடியாக எதுவும் இல்லை. மிச்சம் எல்லாம் உங்கள் குழுக்களின் தலையில். மனிதரில் செய்யும் மருத்துவ ஆய்வின் அறநெறி பற்றிய ஹெல்சிங்கிப் பிரகடனத்தையும், உயிர்மாதிரி வங்கிகள் பற்றிய 2016 இன் தாய்ப்பே பிரகடனத்தையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அவை நல்லவர்களை வழிநடத்தும். மீறுகிறவரை எந்த நீதிமன்றத்திலும் நிறுத்தாது. உங்கள் குழுக்களில் பலர் சம்பளமில்லாமல், வேலை முடிந்த பிறகு, இரவிரவாகப் பத்திரங்களை வாசிக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்தச் சுமையைத் தனியே சுமக்க விட்டிருப்பது அநியாயம்.

ஆகவே பாராளுமன்றம் போயிருப்பவர்களிடம் கேட்கிறேன். ஒரு காரியத்துக்கென்று எடுத்த மாதிரியைத் திரும்பக் கேட்காமல் இன்னொரு காரியத்துக்குப் பயன்படுத்துவதைக் குற்றமாக்குங்கள். காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் கொடுக்கும் மாதிரிகளை முற்றிலும் தனியாக வையுங்கள். பொலிசுக்கும் போகக்கூடாது, ஆய்வாளருக்கும் போகக்கூடாது, எந்த நல்ல ஆய்வாக இருந்தாலும் சரி. நாட்டை விட்டுப் போகும் ஒவ்வொரு மாதிரிக்கும், எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும் அல்லது திரும்பி வரும் என்று எழுதிய உடன்படிக்கை இருக்கட்டும். அதைச் சனம் கேட்டால் பார்க்கக்கூடியதாகவும் இருக்கட்டும். விலகிக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால் மிச்சக் குழாயை அழித்து அவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். வேலையிலும் காப்புறுதியிலும் மரபணுவைக் காட்டி ஒருவரை ஒதுக்க முடியாதென்று, ஆயுள் காப்புறுதியையும் சேர்த்து எழுதுங்கள்.

திரும்பப் போய்க் கேட்பது நடைமுறையில் முடியாது, செலவு கூட, ஆட்களைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். முடியும். ஒவ்வொரு கிராமத்திலும் எந்த வீட்டில் எந்தக் கர்ப்பிணிக்கு எத்தனையாவது மாதம் என்று விரல் நுனியில் வைத்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். கிராம சேவகர் இருக்கிறார். ஆச்சியிடம் கைத்தொலைபேசி இல்லாவிட்டாலும் பேத்தியிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. இரத்தம் எடுக்க வீடு தேடிப் போகத் தெரிந்தவர்களுக்கு, அதே வீட்டுக்கு இரண்டாம் தடவை போகவும் தெரியும்.

சட்டம் வர வருடங்கள் எடுக்கும். அதுவரை மீளாய்வுக் குழுக்களிடம் ஒன்று கேட்கிறேன். அதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை, அடுத்த கூட்டத்திலேயே செய்யலாம். மூன்றாம் பக்கத்து அடிவரியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஊர்த் தமிழில், பெரிய எழுத்தில். அதன் கீழே இரண்டு பெட்டி போடுங்கள்: 'இந்த நோய்க்கு மட்டும் பாருங்கோ', 'வேறை ஆய்வுக்கும் பாக்கலாம்'. இரத்தம் எடுக்கப் போகிறவர் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டிய பிறகே ஊசியை எடுக்கவேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். 'எங்கை போகும்?' என்று கேட்டால், எந்த ஊர், எந்தக் கட்டடம், எத்தனை வருடம், ஆர் பொறுப்பு என்று சொல்ல அவர் கையில் ஒரு துண்டு இருக்கவேண்டும். அந்தத் துண்டின் பிரதியை ஆச்சி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடியதாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் ஒருத்தி,
யாழ்ப்பாணம்.